புராஸ்டேட் டெஸ்ட்டுகள்: எதை எப்போது எடுப்பது, எப்படித் தயாராகிப் போவது

அப்பாவுக்கு எடுத்த வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் கடைசி வரி "புராஸ்டேட்டோமெகாலி, கிரேடு 2" என்று இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பத்து நாள் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், மனுஷன் ராத்திரியெல்லாம் தூங்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், புற்றுநோய் இரண்டாம் கட்டம் என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அந்தக் கிரேடு வெறும் அளவைச் சொல்லும் வார்த்தை. சுரப்பி எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை, எத்தனை சிசி வரை எந்தக் கிரேடு என்பதே சென்டருக்குச் சென்டர் மாறும்.

அதற்குப் பிறகு அப்பாவோடும், அடுத்த வருஷம் மாமாவோடும் யூராலஜி ஓ.பி., லேப், ஸ்கேன் சென்டர் என்று அலைந்ததில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கும்போது யாராவது இதைச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

முதலில் ஒரு விஷயம். புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி இருக்கிறது. இளவயதில் 20 கிராம் சுமாருக்கு, ஒரு கொட்டைப்பாக்கை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வயதானால் வரும் சாதாரண வீக்கம் குழாயை ஒட்டிய உள்பகுதியில் வளர்கிறது, அதனால்தான் குழாய் நெரிபட்டு சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது. புற்றுநோயோ பெரும்பாலும் வெளிப்பகுதியில் ஆரம்பிக்கிறது, குழாயிலிருந்து தள்ளி. ஆகவே ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தராது. ராத்திரி ஐந்து தடவை எழுந்து போகிறவருக்கு வெறும் வீக்கமாக இருக்கலாம், ஒரு தொந்தரவும் இல்லாதவருக்குப் புற்று இருக்கலாம். இதைப் புரிந்துகொண்டால் எதற்கு இத்தனை டெஸ்ட் என்பது புரிந்துவிடும். அடைப்பு எவ்வளவு, கிருமித் தொற்று உண்டா, புற்று உண்டா என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன, ஒவ்வொரு டெஸ்ட்டும் இதில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் பதில் சொல்லும்.

டாக்டரைப் பார்க்கும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது

காசு செலவில்லாத, ஆனால் யாருமே செய்யாத டெஸ்ட் இது. அளவு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒன்று வாங்குங்கள். மூன்று நாள், இரவு பகலாக, ஒவ்வொரு தடவை ஒன்றுக்குப் போகும்போதும் மணி எத்தனை, எத்தனை மில்லி என்று ஒரு நோட்டில் குறியுங்கள். குடித்த தண்ணீர், காபி, மோர் எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். அப்பா முதலில் "இதெல்லாம் ஒரு வேலையா" என்று முகத்தைச் சுளித்தார், அப்புறம் பேங்க் பாஸ்புக் எழுதுகிற மாதிரி சுத்தமாக எழுதினார். அதில் என்ன தெரிந்தது என்றால், நாள் முழுக்கப் போவதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ராத்திரியிலேயே போகிறது. வயதானவர்களுக்கு ராத்திரிப் பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேல் போனால், பழியை முழுக்கப் புராஸ்டேட் மேல் போட முடியாது. கால் வீக்கம், இதயம், குறட்டையோடு மூச்சு நின்று போகும் தூக்கக் கோளாறு, சாயங்காலம் போடும் நீர் பிரியும் பி.பி. மாத்திரை என்று வேறு காரணங்கள் வரும். அப்பா விஷயத்தில் ஒன்பது மணிக்கு ஒரு சொம்பு தண்ணீரும் மாத்திரை நேரமும்தான். டாக்டர் மாத்திரையைக் காலைக்கு மாற்றியதிலேயே இரண்டு தடவை குறைந்தது.

கூடவே ஐ.பி.எஸ்.எஸ். என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க். மொத்தம் 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-ம் அதற்கு மேலும் கடுமை. எட்டாவதாக, இப்படியே மிச்ச வாழ்க்கை முழுக்க இருந்தால் எப்படி உணர்வீர்கள் என்று ஒரு கேள்வி தனியாக இருக்கும். அதற்கு மட்டும் கௌரவம் பார்க்காமல் உண்மையைச் சொல்லுங்கள், ஏனென்றால் மருந்தா சும்மா இருப்பதா என்பது பல சமயம் அதை வைத்துத்தான் முடிவாகிறது.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையையும் சேர்த்துத்தான். மூக்கடைப்பு, தும்மலுக்கான சில மாத்திரைகள் சிறுநீர் இறங்குவதை நன்றாகவே தடுக்கும்.

விரல் பரிசோதனை

பலர் இதற்குப் பயந்தே டாக்டரிடம் போவதில்லை. இடது பக்கமாகப் படுத்து முழங்காலை நெஞ்சோடு மடக்கச் சொல்வார்கள், கையுறை, ஜெல்லி, மலவாய் வழியாக ஒரு விரல், பதினைந்து இருபது நொடி. வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விட்டால் பாதி அவஸ்தை குறையும். நல்ல சுரப்பி மூக்கு நுனியைத் தொடுகிற மாதிரி மெத்தென்று இருக்குமாம், சந்தேகமான இடம் விரல் முட்டியைத் தொடுகிற மாதிரி கெட்டியாக. ரத்த டெஸ்ட் சரியாக இருந்தும் விரலில் மாட்டும் புற்றுகள் உண்டு, அதனால் "வேண்டாம் சார்" என்று கூச்சப்பட்டு நழுவாதீர்கள். குளிர்காய்ச்சலோடு அடிவயிறும் இடுப்பும் வலித்தால் அது திடீர்த் தொற்றாக இருக்கலாம், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தில் அழுத்திப் பார்க்கக் கூடாது.

சிறுநீர் டெஸ்ட், அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர், ரத்தத்தில் சர்க்கரை, கிரியாட்டினின். இவை சாதாரண லேபில் முடிந்துவிடும். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள். கிரியாட்டினின் எதற்கு என்றால், அடைப்பு ரொம்ப நாளாக இருந்து அழுத்தம் மேலே ஏறி கிட்னியைத் தொட்டுவிட்டதா என்று பார்க்க. அப்புறம், சிறுநீரில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரத்தம் ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும் "சூடு, இளநீர் குடித்தால் சரியாகும்" என்று விடவே கூடாது. சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தாலும் அப்படித்தான் வந்து நிற்கும்.

பி.எஸ்.ஏ.

அதிகம் பயமுறுத்துவதும் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பி.எஸ்.ஏ. புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசிகிறது, அதை மில்லிக்கு இத்தனை நானோகிராம் என்று அளக்கிறார்கள். புற்று இருந்தாலும் ஏறும், வெறும் வீக்கம் இருந்தாலும் ஏறும், கிருமி வந்தாலும் எகிறும். அமெரிக்காவில் இதற்கு 1986-ல் முதல் அனுமதி கிடைத்ததே, ஏற்கெனவே புற்று உள்ளவர்களைக் கண்காணிக்கத்தான். கண்டுபிடிக்கப் பயன்படுத்தலாம் என்று 1994-ல்தான் ஒப்புக்கொண்டார்கள்.

எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை. கிருமித் தொற்று இருந்தால் மருந்து முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். இரண்டு நாள் முன்பிலிருந்து விந்து வெளியேறாமல் இருக்கட்டும், சைக்கிளும் வேண்டாம். சிறுநீர் இறங்க டியூப் போட்டு எடுத்த கையோடு, பயாப்சி (ஊசியால் சுரப்பியின் சதையைத் துளி எடுத்துச் சோதிப்பது) முடிந்த கையோடு எடுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வெறும் வயிறு தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே லேபில் எடுப்பது நல்லது, முறை மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.

அப்பாவுக்கு முதல் தடவை 6.8 வந்தது. ரிப்போர்ட்டில் 4 வரைதான் நார்மல் என்று போட்டு 6.8-ஐத் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். வீடே சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. யூராலஜிஸ்ட் நிதானமாகக் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, கிருமி இருந்திருக்கிறதே, அதற்கு மருந்து சாப்பிட்டுவிட்டு ஏழு வாரம் கழித்து வாருங்கள் என்றார். இரண்டாவது தடவை 3.1. ஆகவே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள், ஏறியிருந்தால் முதல் வேலை திரும்ப எடுப்பது.

4 என்கிற கோடும் கல்லில் செதுக்கியதல்ல. வயது ஏற ஏற சுரப்பி பெருப்பதால் எண்ணும் ஏறும். நாற்பதுகளில் 2.5, ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5 என்று வயதுவாரியாக ஒரு கணக்கு உண்டு. 4-க்கும் 10-க்கும் நடுவில் வந்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்குத்தான் பயாப்சியில் புற்று தெரிகிறது. இந்த இடைப்பட்ட ஆட்களுக்கு ஃப்ரீ பி.எஸ்.ஏ. என்று ஒன்று எழுதுவார்கள். மொத்தத்தில் அது 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆறுதல், 10-க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும். இன்னொரு கணக்கை நீங்களே போடலாம்: பி.எஸ்.ஏ.-வைச் சுரப்பியின் கன அளவால் வகுங்கள். எண் 6, சுரப்பி 60 சிசி என்றால் 0.10. அதே 6, சுரப்பி 30 சிசி என்றால் 0.20. 0.15-ஐத் தாண்டினால் டாக்டர்கள் கூடுதலாகக் கவனிப்பார்கள். ஒரே எண், இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தம்.

இப்போது நிறையப் பேர் கோட்டை விடும் இடம். டியூட்டாஸ்டரைட், ஃபினாஸ்டரைட் மாத்திரை ஆறு மாதம், ஒரு வருஷம் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். நம் ஊரில் வீக்கத்துக்கு டாம்சுலோசினோடு சேர்த்து டியூட்டாஸ்டரைட் கொடுப்பது ரொம்ப சகஜம், முடி கொட்டுவதற்கும் ஃபினாஸ்டரைட் சாப்பிடுகிறார்கள். லேபுக்கு இது தெரியாது. மாத்திரையில் இருக்கும் ஆளுக்கு 2.5 வந்தால் நார்மல் என்றுதான் அச்சடித்துத் தரும், நிஜத்தில் அது 5. மாத்திரை சாப்பிடும்போது இறங்கிய எண் மறுபடி ஏற ஆரம்பித்தால், 4-க்குக் கீழே இருந்தாலும், டாக்டரிடம் போக வேண்டும்.

ஸ்கேன்: தண்ணீர் பாட்டில் படலம்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதும்போது கே.யு.பி. (கிட்னி, அதிலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பை), புராஸ்டேட், பி.வி.ஆர். என்று மூன்றும் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். பி.வி.ஆர். என்பது ஒன்றுக்குப் போன பிறகு பையில் மிச்சம் இருக்கும் அளவு. அதுதான் முக்கியம், அதையே சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு மணி நேரம் முன்னால் நாலு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். எங்கள் கதை வேறு. நாங்கள் போன சென்டரில் டோக்கன் 34, நடந்துகொண்டிருந்தது 11. வந்த உடனே ரிசப்ஷனில் ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்துக் குடிக்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மணி நேரம், எழுபத்தொரு வயது, நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொடையை இறுக்கிக்கொண்டு, நெற்றியில் வியர்வை. கடைசியில் உள்ளே போய் ஸ்கேன் பார்த்துவிட்டு "போயிட்டு வாங்க" என்றபோது அவருக்குச் சரியாக இறங்கவே இல்லை. மிச்சம் 180 மில்லி என்று ரிப்போர்ட். பை அளவுக்கு மீறி விரிந்தால் சுருங்கும் வலு குறைந்துவிடும், அது நோயின் அளவு இல்லை, காத்திருந்த அளவு. மூன்று வாரம் கழித்து ஒழுங்காக எடுத்தபோது 60.

அதனால் உங்களுக்கு முன் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு குடிக்க ஆரம்பியுங்கள். முட்டுகிறது என்றால் கவுன்டரில் போய்ச் சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம். கழிவறையில் அவசரப்படாமல், முக்காமல், வீட்டில் போகிற மாதிரி போய்விட்டு உடனே டேபிளுக்குத் திரும்புங்கள், அரை மணி ஆனால் பை மறுபடி ரொம்பியிருக்கும். முழு வயிறும் பார்க்க எழுதியிருந்தால் சாப்பாடு கூடாது, தண்ணீர் மட்டும்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் கன அளவு. அளவு பெரிதாக இருந்தால் தொந்தரவும் பெரிதாக இருக்கும் என்று இல்லை. 80 சிசியோடு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு, 30 சிசியில் அடைத்துக்கொண்டு டியூப் போட்டவர்களும் உண்டு. மீடியன் லோப், அதாவது சுரப்பியின் நடுப்பகுதி, சிறுநீர்ப்பைக்குள் துருத்திக்கொண்டிருக்கிறதா என்பது அளவை விட அதிகம் சொல்லும், 10 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் மூடி மாதிரி அடைக்கும். பையின் சுவர் தடித்திருக்கிறதா, கல் இருக்கிறதா, கிட்னி வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் புற்றைக் கண்டுபிடிப்பதற்கானது அல்ல. அதில் ஒன்றும் இல்லை என்றால் புற்று இல்லை என்று ஆகாது.

யூரோஃப்ளோ என்பது ஒரு புனல் வைத்த மெஷின். அதில் போனால் நொடிக்கு எத்தனை மில்லி என்று கோடு வரையும். உச்ச வேகம் 15-க்கு மேல் நல்லது, 10-க்குக் கீழே அடைப்பாக இருக்கலாம், அல்லது பை வலுவிழந்திருக்கலாம், எது என்று இந்த மெஷினுக்குத் தெரியாது. குறைந்தது 150 மில்லியாவது போனால்தான் கணக்கு செல்லும். பக்கத்தில் யாராவது நின்றால் வராது என்பவர்கள் தனியாக விடச் சொல்லுங்கள். அடைப்பா பலவீனமா என்று பிரித்துச் சொல்லும் யூரோடைனமிக்ஸ், கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி, குழாய் சுருங்கியிருக்கிறதா என்று மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் எல்லோருக்கும் கிடையாது. வயது குறைவு, சர்க்கரை ரொம்ப நாளாக உண்டு, முன்பு டியூப் போட்டிருக்கிறது, ஆபரேஷனுக்கு யோசிக்கிறார்கள் என்றால் எழுதுவார்கள். ஏன் எழுதினீர்கள் என்று கேளுங்கள், சொல்வார்கள்.

எம்.ஆர்.ஐ., அப்புறம் ஊசி

மாமாவுக்கு இரண்டு தடவை எடுத்தும் பி.எஸ்.ஏ. 9-ஐ விட்டு இறங்கவில்லை. முன்பெல்லாம் நேரே பயாப்சிதான், ஸ்கேனைப் பார்த்து ஒரு பன்னிரண்டு இடத்தில் குத்துமதிப்பாக எடுப்பார்கள். இப்போது முதலில் மல்டிபாராமெட்ரிக் எம்.ஆர்.ஐ. காரணம் உண்டு. பிரிட்டனில் 576 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியான பிராமிஸ் ஆய்வில், கவலைப்பட வேண்டிய புற்றுகளில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தைப் பிடித்தது, பழைய முறைப் பயாப்சி 48 சதவீதத்தைத்தான் பிடித்தது. நாலில் ஒருவருக்கு ஊசியே தேவைப்படாமல் போகலாம் என்றும் அதிலிருந்து தெரிந்தது.

போகும் முன் லேசாகச் சாப்பிட்டு, வயிற்றைக் காலி பண்ணிக்கொள்ளுங்கள், மலக்குடலில் காற்று இருந்தால் படம் கலங்கும். கிரியாட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும், மருந்து ஏற்றுவதற்கு முன் கேட்பார்கள். பேஸ்மேக்கர், உடம்பில் கிளிப், பிளேட் எதுவானாலும் முன்பதிவின்போதே சொல்லுங்கள். அரைஞாண் கொடியில் வெள்ளி இருந்தால் கழற்ற வேண்டும், மாமா அங்கே போய்த்தான் கத்திரி தேடினார். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும், தகரக் கொட்டகையில் சுத்தியல் அடிக்கிற மாதிரி சத்தம், காதுக்குப் பஞ்சு தருவார்கள். பயாப்சி முடிந்து உடனே எம்.ஆர்.ஐ. எடுத்தால் ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும், ஆறு எட்டு வாரம் இடைவெளி வேண்டும்.

ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 1 முதல் 5 வரை வரும். இதுவும் கட்டம் இல்லை, சந்தேகத்தின் அளவு. 1, 2 என்றால் சந்தேகம் குறைவு. 4, 5 என்றால் பயாப்சி. 3 என்றால் மேலே சொன்ன வகுத்தல் கணக்கு உதவிக்கு வரும்.

மாமாவுக்கு 4. பயாப்சியை மலவாய் வழியாகவும் எடுக்கலாம், விதைப்பைக்கும் மலவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாகவும் எடுக்கலாம். இரண்டாவதில் கிருமி ஏறும் ஆபத்து குறைவு. எந்த வழி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரையும் கேட்டுத்தான். மரத்துப் போக ஊசி போட்டபின் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி டக் டக்கென்று சத்தம் கேட்கும், வலியை விட அந்தச் சத்தத்துக்குத்தான் மாமா துள்ளினார். சிறுநீரில் சில நாள், விந்தில் சில வாரம் ரத்தம் தெரியலாம், பயப்பட வேண்டாம். ஆனால் குளிர்காய்ச்சல் வந்தால், நடுராத்திரி ஆனாலும், பாரசிட்டமால் போட்டுப் படுக்காமல் கேஷுவல்டிக்குப் போங்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டில் கிளீசன் ஸ்கோர் (புற்று எவ்வளவு கடுமை என்று சொல்லும் மார்க்) 6 என்று பார்த்துவிட்டு பத்துக்கு ஆறா என்று இடிந்துபோகாதீர்கள். நடைமுறையில் ஆறுதான் ஆரம்பம், இருப்பதிலேயே சாதுவான வகை, பலருக்குச் சிகிச்சையே இல்லாமல் கண்காணிப்பு மட்டும் போதும். 7 வந்தால் எந்த 7 என்று கேளுங்கள், அது இரண்டு மார்க்கின் கூட்டல், அதிகமாக இருக்கும் வகையின் மார்க் முதலில் வரும். 3+4 ஒரு கதை, 4+3 அதை விடக் கடுமையான கதை. மாமாவுக்கு 3+4.

எலும்பு ஸ்கேன், பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் இரண்டும் புற்று உறுதியாகி, பரவியிருக்கலாம் என்று சந்தேகம் வலுவாக இருப்பவர்களுக்கு. 3+3 ஆட்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. பரவலைக் கண்டுபிடிப்பதில் பெட் ஸ்கேன் பழைய முறைகளை விடத் துல்லியமானது, ஆனால் விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடையாது.

தொந்தரவே இல்லாதவர்கள் மாஸ்டர் செக்கப்பில் பி.எஸ்.ஏ.-வையும் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். 55 முதல் 69 வரை, அதனால் வரும் நன்மையையும் தேவையில்லாத பயாப்சி வரை இழுத்துப் போகும் தொல்லையையும் டாக்டரோடு பேசி முடிவு செய்வது என்பது 2018-ல் வந்த அமெரிக்கப் பரிந்துரை. 70-க்கு மேல் அறிகுறி இல்லாமல் எடுக்க வேண்டாம் என்கிறது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்திருந்தால் 40, 45-லேயே பேச்சை ஆரம்பிப்பது நல்லது. ஆகவே மாமா பையனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் திடீரென்று ஒரு சொட்டுகூட இறங்காமல் அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டால் எந்த ஸ்கேனும் தேட வேண்டாம், பக்கத்து ஆஸ்பத்திரியில் டியூப் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அப்பாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். தேதி, பி.எஸ்.ஏ., மிச்சம் எத்தனை மில்லி, அப்போது என்ன மாத்திரை என்று நாலு கட்டம். 6.8, பக்கத்தில் "கிருமி" என்று அப்பாவின் கையெழுத்து. 3.1. அப்புறம் 1.6, பக்கத்தில் "டியூட்டா, இரட்டிப்பு 3.2". அடுத்த வரியில் மார்ச் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.